அக்கா தலையில் நான் வைத்த குட்டு

நம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு பட்டியல் போட்டிருந்தார். இங்கிலீஷில் எல்லோரும் தப்பாக எழுதும் நூறு வார்த்தைகளும் அவற்றின் சரியான ஸ்பெல்லிங்கும். அதற்குக் கீழே இன்னொருவர், 'நமக்கெல்லாம் இது தண்ணி பட்ட பாடு, சார் வைத்த குட்டு அப்படி' என்று எழுதியிருந்தார். அதற்கு வரிசையாகக் கைகூப்பலும் சிரிப்புப் பொம்மையும். பேச்சு அப்படியே நினைவு மலர் பக்கம் போனது. நம் இங்கிலீஷ் சார் நினைவாக ஒரு மலர் போடுகிறோம், ஸ்பெல்லிங்கில் எப்போதும் முதலாவதாக வந்தவள் நீதான், இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டீர்கள்.

எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. படித்துவிட்டு மலரில் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். போடாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பட்டியலை நானும் சோதித்துப் பார்த்தேன். பேத்தியை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். நூறும் சரி. பேத்தி வாயைப் பிளந்தாள். நான் வேலை பார்த்த ஆபீசிலும் இப்படித்தான். கடிதம் எதுவானாலும் கையெழுத்துக்குப் போகும் முன் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் போகும். டிக்‌ஷனரி அம்மா என்றுதான் எனக்குப் பெயர். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டபோதும் அதைச் சொல்லித்தான் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல இருந்தது.

மலரை நம் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் படிப்பார்கள் என்பதால், சார் வகுப்பில் இருந்த குட்டு வழக்கம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் சார் போர்டின் மூலையில் ஐந்து வார்த்தை எழுதுவார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில் டிக்டேஷன். எழுதி முடித்ததும் நோட்டை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும். தப்பு விட்டவர்கள் எல்லாம் ஜன்னல் ஓரமாக வரிசையில் போய் நிற்க வேண்டும். ஐந்தும் சரியாக எழுதியவர்களில் யார் நோட்டு முதலில் சாரிடம் போகிறதோ, அவர் அந்த வரிசையில் ஒவ்வொருவர் தலையிலும் குட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு குட்டு. சார் கை நீட்டி அடிக்கவே மாட்டார். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். நாம்தான் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டோம்.

மெதுவாகக் குட்டினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குட்டுச் சத்தம் மேஜை வரைக்கும் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால், "இன்னா, தலையில பூ வெக்கிறியா?" என்பார் சார். குட்டியவளை அந்த வரிசையிலேயே நிறுத்தி, குட்டு வாங்கியவனை விட்டுத் திருப்பிக் குட்டச் சொல்வார். அதுதான் அங்கே சட்டம். இரண்டு நாளில் எல்லோரும் ஓங்கிக் குட்டக் கற்றுக்கொண்டோம்.

உங்கள் தலைகள் எல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. மலரில் போட மாட்டீர்கள் என்றாலும் சொல்கிறேன். இப்போது வக்கீலாக இருப்பவர் தலை தேங்காய் மூடி மாதிரி. குட்டினால் எனக்குத்தான் வலிக்கும். துணிக்கடைக்காரர் டிக்டேஷன் அன்று விளக்கெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு வருவார், விரல் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. ரிசீவ் என்ற வார்த்தையில் இ முதலிலா ஐ முதலிலா என்று வருஷம் பூராவும் தெரியாமலே எட்டாவதை முடித்தவர் ஒருவர் உண்டு. அவர் இப்போது பள்ளிக்கூடம் நடத்துகிறார். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோமே, நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் அந்த வரிசையின் கடைசியில் என் அக்கா நின்றாள். அவளைப் பற்றி நீங்கள் யாரும் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்பிலேயே ஃபெயில் போடுவார்கள். அக்கா என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். எட்டாவதில் இங்கிலீஷில் போய்விட்டு, ஜூன் மாதம் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். இந்த வருஷமும் போனால் நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். படிப்பு நின்றால் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஊர் எல்லையில் இருந்த ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவுகிற வேலை. அக்காவுக்கு அந்த மில் வாசனையே ஆகாது. புளித்த கிழங்குத் தண்ணீர் வாய்க்காலைத் தாண்டும்போதெல்லாம் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

சார்தான் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தார். "சின்னவளப் பாத்தாவது உனக்கு வரட்டும்" என்றார்.

முதல் நாள் டிக்டேஷனில் எனக்கு ஐந்தும் சரி. அக்காவுக்கு நான்கு தப்பு. வரிசையில் எல்லோரையும் குட்டிக்கொண்டே போய் அவள் முன்னால் நின்றேன். எனக்குக் கை எழவில்லை. என்னைவிட உயரமான அக்கா, எனக்கு எட்டட்டும் என்று தலையைக் குனிந்து கொடுத்தாள். கொடுத்தபடியே கிசுகிசுத்தாள்.

"ஓங்கிக் கொட்டுடி. மெல்லக் கொட்டினா உன்ன நிக்க வெச்சிருவாரு. எனக்கு ஒண்ணும் ஆவாது."

ஓங்கி நான்கு குட்டினேன். சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் ஒரே தூக்கில் கொண்டுவந்த கூழைக் குடித்தோம். என் விரல் முட்டியில் அவள் தலை எண்ணெய் வாசனை அடித்தது. மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அது மல்லாட்டை பிடுங்குகிற காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பிடுங்கிப் போட்டிருக்கும் செடிகளில் இருந்து கடலைக் காயை ஆய்ந்துகொண்டே ஸ்பெல்லிங் சொல்லிப் பார்ப்போம். கை முழுக்க செம்மண், மூக்கில் ஈரக் கடலை வாசனை. மேற்கே கல்வராயன் மலை மேல் மேகம் உட்கார்ந்திருக்கும். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மலையில கருத்துக்கினு இருக்குது, பால் கறக்கறதுக்குள்ள வந்துரும்" என்பாள். சொன்ன நேரத்துக்கு மழை வந்து நிற்கும். அப்பாவே அவளைக் கேட்டுவிட்டுத்தான் காயைக் காயப்போடுவார்.

வார்த்தைகளை அவள் அப்படியே உடைத்துத்தான் சொல்வாள். புதன்கிழமையை வெட்-நெஸ்-டே என்பாள். நெசசரியை நெ-செஸ்-சரி என்பாள். ஒரு சி, இரண்டு எஸ் என்று கடலைக் காயைத் தரையில் வரிசையாக வைத்துக் காட்டுவாள். ஒரு வார்த்தைக்கு எத்தனை எழுத்து என்றால் தப்பாமல் சொல்லிவிடுவாள். எந்தெந்த எழுத்து என்றாலும் பெரும்பாலும் சொல்லிவிடுவாள். எழுதச் சொன்னால் மட்டும் எழுத்துகள் இடம் மாறிவிடும். இரண்டாவது எழுத்து ஐந்தாவதாகப் போய் உட்கார்ந்திருக்கும்.

"எல்லாம் உள்ளதான் கீதுடி" என்பாள். "எழுதறப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு வருது."

பேத்தியின் பள்ளியில் இப்போது எழுத்து இடம் மாறுகிற பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு டீச்சர் இருக்கிறார். அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு மக்கு என்பது ஒன்றுதான் பெயர். சார் அதைச் சொன்னார். அப்பா சொன்னார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வகுப்பில் என் காதுபடச் சொன்னபோது நானும் சும்மாதான் இருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தலை சீவிவிட்டேன். நடு வகிடு எடுத்தபோது அவள் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். முடியை விலக்கிப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. நான் எப்போதும் குட்டுகிற இடம் அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்தது.

"இன்னாக்கா இது?"

"ஒண்ணுமில்ல. வகிடு இல்லாம ஏத்திச் சீவிடு. அம்மாகிட்ட சொல்லாத."

அன்றைக்கு நான் ஒரு முடிவு செய்தேன். இனி அக்காவைக் குட்டுவதில்லை. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. எனக்கும் தப்பு வர வேண்டும்.

திங்கட்கிழமை டிக்டேஷனில் செபரேட் என்று சார் சொன்னார். நடுவில் ஏ வர வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேனா ஏ போடத்தான் போனது. நிறுத்தி, இ போட்டேன். முதல் முறையாக எழுந்துபோய் ஜன்னல் ஓரம் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். ரைஸ்மில் வீட்டுப் பெண் வந்து எங்கள் இரண்டு பேரையும் குட்டினாள். நீ இந்தக் குழுவில்தான் இருக்கிறாய். நீ ஓங்கித்தான் குட்டினாய், ஆனால் அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு அன்று வலித்ததாகவே நினைவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்கா சந்தோஷப்படவில்லை. "இன்னாடி ஆச்சு உனக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டாள். ஒழுங்காக எழுது என்று திட்டி, மறுபடியும் என் கையைத் தன் தலைக்கே கொண்டுவருவாள்.

தினமும் ஒரு தப்பு, சில நாள் இரண்டு. மூன்று வாரம் இப்படிப் போனது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் தப்பு விட்டதால் அக்காவுக்கு ஒரு குட்டுகூடக் குறையவில்லை. அவள் வாங்கியதை வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். குட்டுகிற கை என் கையாக இல்லை, அவ்வளவுதான். நான் காப்பாற்றியது என்னைத்தான். பதின்மூன்று வயதில் அது எனக்குத் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை சார் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அப்பா கழனியில் இருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. டீச்சர்கள் அறை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சார் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நானும் அக்காவும் தூணோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

சார் எங்கள் இரண்டு டிக்டேஷன் நோட்டையும் விரித்துக் காட்டினார். சிவப்பு மையில் வட்டம் வட்டமாக இருந்தது.

"பாருங்க. ஆடி மாசம் சின்னவளுக்கு ஒரு தப்பு கெடையாது. இவளப் பாத்துப் பெரியவளுக்கு வரட்டும்னுதான் பக்கத்துல உக்கார வெச்சேன். இப்ப தலைகீழாப் பூடுச்சு. பெரியவ மக்குத்தனம் சின்னவளுக்கு ஒட்டிக்கினு வருது."

"இன்னா பண்றதுங்க சார்?"

"ரெண்டு பேரும் கெடறதுக்கு ஒருத்தியாவது கரையேறட்டுமே. நீங்களே யோசிச்சுக்கோங்க."

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சிவப்பு மை தெரியும். நோட்டைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நெஜத்தச் சொல்லு. அக்கா பக்கத்துல இருக்கறதாலதான் உனக்குத் தப்பாப் போவுதா?"

நான் தலையை ஆட்டினேன். அது பொய் இல்லை. அவள் அந்த வகுப்பில் இருந்ததால்தான் நான் தப்பாக எழுதினேன். அதற்கு மேல் நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. வேண்டுமென்றே எழுதினேன் என்று சொன்னால் சார் என்ன செய்வாரோ, அப்பா என்ன செய்வாரோ என்று பயம். தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பயந்துபோய்ப் பார்த்தாள். பார்த்தபடியே என்னை விட்டு ஒரு அடி தள்ளி நின்றாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் தனியாக நடந்துபோனேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இன்றைக்கு யாரைக் குட்ட வேண்டியிருந்தாலும் அக்காவைக் குட்ட வேண்டியதில்லை. இனித் தப்பாக எழுத வேண்டியதும் இல்லை. டிக்டேஷனில் ஐந்தும் சரியாக எழுதி, நோட்டை முதலில் கொண்டுபோய் வைத்தேன். சார் அதை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஒரே நாளு. ஒரே நாள்ல சரியாப் பூடுச்சு."

அதோடு விடவில்லை. சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் கழனி ஓரம் இறங்கி, அப்பாவிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அங்கேதான் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் போனதும் கேட்டாள்.

"அஞ்சும் சரியாமே?"

"ம்."

"நல்லதாப் போச்சு, போ" என்று சிரித்தாள். "நான் கிட்ட இல்லன்னா உனக்கு வருது பாரு."

அப்போது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சொன்னால் அப்பா என்னைப் பின்னி எடுப்பார், அக்கா மறுபடியும் வகுப்புக்கு வருவாள், நான் மறுபடியும் குட்ட வேண்டும். பொங்கல் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொங்கலுக்குள் அவள் ஜவ்வரிசி மில்லுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய அதே வாசனையோடு தினமும் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய டிக்டேஷன் நோட்டை அம்மா அடுப்பு பற்றவைக்க ஒவ்வொரு தாளாகக் கிழித்தாள். ஒரு நாள் ஞாபகம் வந்து தேடினேன். அட்டைகூட மிச்சமில்லை.

அக்காவை ரிஷிவந்தியம் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். நான் படித்தேன். விழுப்புரத்தில் ஆபீஸ், வீடு, பிள்ளைகள் என்று ஆனேன். அக்கா வருவாள். பலாப்பழமும் மல்லாட்டையும் சுமந்துகொண்டு பஸ் மாறி மாறி வருவாள். என் மகள் பத்தாவது படித்த வருஷமும் அப்படி வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியம்மா மடியில் சாய வந்தாள். அக்கா தேள் கொட்டினாற்போல எழுந்துவிட்டாள்.

"நான் அந்தாண்ட போறேன். நீ படி, கண்ணு."

கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் வெயிலில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன்.

"வேணாம்டி. புள்ள படிக்கறப்ப நான் கிட்ட இருக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

மகள் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். அன்று மெல்ல விசாரித்தேன். அவளுடைய சொந்தப் பிள்ளை படிக்கும்போதும் அவள் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். சோற்றைத் தட்டில் போட்டு வாசற்படியோடு தள்ளிவிட்டு வந்துவிடுவாளாம். அவன் நன்றாகப் படித்து வேலைக்குப் போனான். தான் ஒதுங்கியே இருந்ததால்தான் அவனுக்குப் படிப்பு ஏறியது என்று பெருமையாகச் சொன்னாள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். சாரும் அப்பாவும் ஒரு நாள் சொன்னதை, சும்மா இருந்தே நான் ஆயுசு பூராவும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் அக்கா கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனி வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரைப் பரீட்சை சமயம் என்பதால் பேத்தியைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டிப்போயிருந்தேன். மத்தியானம், அறையில் வேறு யாரும் இல்லை. பேத்தி கதவோரம் ஸ்டூலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வேணும்னேதான்கா தப்பா எழுதினேன். உன்னக் கொட்ட எனக்கு மனசு வரல. உன்னால எனக்கு ஒண்ணுமே ஒட்டல. நான் வாயத் தொறக்காம நின்னேன், அதனாலதான் உன்ன நிறுத்தினாங்க."

அக்கா கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சாவறவ மனசு நோவக் கூடாதுன்னு ஒரு பொய்யி" என்றாள். "எனக்குத் தெரியாதா? நான் நின்ன அன்னிக்கே உனக்கு அஞ்சும் சரியா வந்துச்சேடி."

"சத்தியமாக்கா. இந்தப் புள்ள மேல சத்தியமா."

"புள்ள மேலயெல்லாம் சத்தியம் பண்ணாத" என்று கடிந்துகொண்டாள். அப்புறம்தான் பேத்தியின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அது படிக்குதாடி? பரீட்சைன்னியே! இங்க எதுக்கு உக்கார வெச்சிருக்கற? அந்தாண்ட கூட்டிக்கினு போ. மொதல்ல கூட்டிக்கினு போ."

இல்லை அக்கா, இல்லை அக்கா என்றேன். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படபடப்பில் எழுந்து உட்காரப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் பேத்தியை எழுப்பி, கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோடியில் இருந்த பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவு வழியாக அக்கா தெரிந்தாள். நாங்கள் போதுமான தூரம் போய்விட்டோமா என்று தலையணையில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.